பதினாறு கோடு
இன்றும் வாய்தாதான்.

கோர்ட் வராந்தாவில் பக்கத்தில் இருந்த அம்மா, மஞ்சள் பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்துப் பின்பக்கம் ஒரு கோடு போட்டார். எண்ணினேன், பதினாறு. மகன் திருட்டு வழக்கில் உள்ளே. வாய்தாவுக்கு ஒரு கோடாம்.

2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர்!

வேறு வழக்கில்லாத, முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் ஜாமீன் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 479-வது பிரிவு (ஆயுள், மரண தண்டனைக் குற்றங்கள் தவிர). அதற்காகக் கோர்ட்டுக்கு எழுத வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர்.

உள்ளே வந்த தேதி சிறைக் கணினியில் இருக்கிறதே. நாள்கணக்கில் வரிசைப்படுத்தித் தினமும் நீதிபதி மேஜைக்கு அனுப்பினால், எந்த வழக்கை முதலில் கூப்பிடுவது என்று தெரிந்துவிடாதா?

அம்மா தாளை மடித்தார். "அடுத்தது எப்போ தம்பி?"