ராயபுரத்து ஆஸ்டினில் ஒரு பித்தளை டேப்

ஆஸ்டின் ஏ40 காரின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாலும், குழாயைத் திறந்து மூடுகிற அந்த டேப் கிடைக்காது. பெட்ரோல் பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற குழாயை நடுவில் அறுத்து, அந்த இடத்தில் யாரோ அதைப் பொருத்தியிருக்கிறார்கள். பித்தளை. மூன்று வாய். ஒரு வாயில் பம்பிலிருந்து வரும் குழாய், இன்னொன்றில் கார்புரேட்டருக்குப் போகும் குழாய். மூன்றாவதில் விரல் நீளத்துக்கு ஒரு செப்புக் குழாய்த் துண்டு, முனையை நசுக்கி அடைத்து, எங்கும் போகாமல் நிற்கிறது. அதற்குச் சற்று மேலே, எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் நான்கு ஓட்டைகள். ஒன்றில் மட்டும் போல்ட் மிச்சம். டேஷ்போர்டுக்குக் கீழே சோக் போலவே இன்னொரு குமிழ். இழுத்தால் வருகிறது, ஆனால் அந்தப் பக்கம் எதுவும் அசைவதில்லை.

கார் நிற்பது ராயபுரத்தில், பார்சி அக்னிக் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். உரிமையாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வாங்கியவர் அவருடைய அப்பா, துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பல வருடம் ஓடாமல் கிடந்த காரை என் நண்பன் மறுபடி ஓட வைத்துக்கொண்டிருக்கிறான். அடுத்த வாரம் டிங்கர் வருகிறார்; ஓட்டையையெல்லாம் வெல்டிங்கில் மூடி, பட்டி பார்த்து, பெயிண்டுக்குத் தயார் பண்ணிவிடுவார். "அதுக்குள்ள இது என்னன்னு கண்டுபிடிச்சாகணும்" என்று நண்பன் கூப்பிட்டான். மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டேன். காரணம் தெரியாத ஓட்டையை மூடக் கூடாது என்பதில் நான் உறுதியானவன். மூடிவிட்டால், அது ஏன் போடப்பட்டது என்று கேட்க அப்புறம் யாருக்கும் தோன்றாது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இது கம்பெனி செய்த மாற்றமா, காரை வைத்திருந்தவர் செய்த மாற்றமா? கம்பெனி ஓட்டை என்றால் அச்சில் குத்தியது. விளிம்பு ஒரே சீராக இருக்கும், முதல் பெயிண்ட் ஓட்டையின் உள்விளிம்பு வரை இறங்கியிருக்கும். பின்னால் போட்டது என்றால் டிரில் பிட் சறுக்கிய கீறல் இருக்கும், விளிம்பு பெயிண்ட் இல்லாமல் துருப்பிடித்திருக்கும். வெல்டிங்கும் அப்படித்தான். கம்பெனியில் ஸ்பாட் வெல்டிங், வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். தெருமுனைப் பட்டறையில் கேஸ் வெல்டிங், தகடு சூட்டில் நெளிந்திருக்கும்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு காரைச் சுற்றிவந்தால், பாதிப் புதிர்கள் நின்ற இடத்திலேயே அவிழ்ந்துவிடுகின்றன. கதவுகளுக்கு நடுவிலுள்ள தூணில் நீளவாக்கில் ஒரு பட்டி பூசிய தடம்: அங்கே இருந்தது, திரும்பும்போது கை போல வெளியே நீட்டிக்கொண்டு எரிகிற பழைய சிக்னல். மின்னும் இண்டிகேட்டர் வந்த பிறகு யாரோ எடுத்துவிட்டு அடைத்திருக்கிறார்கள். எஞ்சின் அறைத் தகட்டின் இடப்பக்கம் வட்டமாக ஒரு மூடி, சீரான அச்சு விளிம்போடு. இது கம்பெனி வேலை. ஏ40 அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறிய கார். இடப்பக்க ஸ்டீயரிங்குக்கும் அதே தகட்டில் இடம் விட்டிருக்கிறார்கள்.

பேட்டரி கொஞ்சம் நேரம் எடுத்தது. அந்தக் காலத்து ஆஸ்டினில் பாஸிட்டிவ் முனைதான் பாடியில் பூட்டப்பட்டிருக்கும். இதில் நெகட்டிவ் பூட்டியிருக்கிறது. சும்மா பேட்டரியைத் திருப்பி வைத்தால் போதாது. டைனமோவுக்கு முனை மாற்றிக் கொடுக்க வேண்டும், ஆம்மீட்டர் வயர்களை இடம் மாற்ற வேண்டும், காயிலின் இரண்டு வயர்களையும் மாற்ற வேண்டும். மூன்றையும் பிசகில்லாமல் செய்திருக்கிறார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் ரேடியோ இருந்ததற்கான தாங்கி கிடைத்ததும் காரணமும் கிடைத்துவிட்டது. பின்னால் வந்த டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்தைத்தான் கேட்கும். இதைச் செய்த கை விஷயம் தெரிந்த கை. அதனாலேயே பித்தளை டேப்பின் மேல் எனக்கு மரியாதை கூடியது. இப்படி வேலை செய்கிறவர் காரணமில்லாமல் ஒரு குழாயை அறுக்கமாட்டார்.

காரின் உரிமையாளர் சார் ஒரு விளக்கம் வைத்திருந்தார். "திருட்டுக்காக இருக்கும்பா. பெட்ரோலை மூடி வெச்சுட்டா வண்டி நகராதில்ல." அப்படி டேப் வைப்பது உண்டுதான். ஆனால் அதற்கு இரண்டு வாய் போதும், மூன்றாவது எதற்கு? நண்பன் சொன்னது வேறு: யுத்த காலத்துக் கரி கேஸ். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் ரேஷன் வந்தபோது, மதராஸில் பஸ்ஸும் காரும் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு அந்தப் புகையில் ஓடியது உண்மை. ஆனால் ஏ40 வெளிவந்ததே 1947-ல். யுத்தம் முடிந்துவிட்டது. தவிர, கேஸ் போக அகலமான குழாய் வேண்டும், இந்தச் செப்புக் குழாய் பென்சில் தடிமன்கூட இல்லை.

சரி, கார் பிறந்த இடத்தையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று எண்ணூர் கிளம்பினோம். ஏ40 இங்கிலாந்துக் கார்தான், ஆனால் இந்த ஊருக்கும் சொந்தம். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூர் தொழிற்சாலையில் முதலில் பூட்டியது இந்த ஆஸ்டினைத்தான். லேலண்டு லாரி அப்புறம் வந்தது. 1955-ல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்டு ஆனது. லேலண்டு என்றால் லாரியும் பஸ்ஸும் மட்டும்தான் என்று நினைக்கிறவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பெருமை வரத்தான் செய்கிறது.

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி விம்கோ நகரில் இறங்கி, ஆட்டோ பிடித்தோம். 2021-ல் இந்தத் தடம் வந்த பிறகு வடசென்னைக்குள் போய்வருவது எவ்வளவோ சுலபமாகிவிட்டது. ஆனால் மெட்ரோவை விட்டு இறங்கியதும் பழைய உலகம்தான்: துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக, ஒரு பக்கம் கடல், அலைக்குத் தடுப்பாகக் கொட்டிய கருங்கல், காற்று திரும்பும்போது மணலிப் பக்கத்து ரிஃபைனரி வாடை. வழியில் திருவொற்றியூர். 1956-ல் என்ஃபீல்டு புல்லட்டைப் பூட்டத் தொடங்கிய ஊர். ஒரே சாலையில் காரும் லாரியும் மோட்டார்சைக்கிளும் பிறந்திருக்கின்றன.

எண்ணூரில் தொழிற்சாலை மதிலை வெளியிலிருந்து பார்த்தோம். டீக்கடையில் நின்று பேசியபோது, அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் நண்பனின் செல்போனில் டேப்பின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது கம்பெனி வேலை இல்ல தம்பி. கம்பெனின்னா குழாய இப்படி வளைக்கமாட்டோம். யாரோ முழங்கால்ல வெச்சு வளைச்சிருக்காங்க." அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு பார்வை எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

திரும்பும்போது தண்டையார்பேட்டையில் இறங்கினோம். நண்பனுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று இருக்கிறது; வந்ததற்கு அதையும் பார்த்துவிடலாம் என்று. இதில் உள்ள புதிர் நேர்மாறானது, முழுக்க முழுக்கக் கம்பெனியே செய்தது. இதே கார் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு; அதற்கு முன்னால் இரண்டு கதவுதான். நம்மிடம் இருப்பது நான்கு கதவு ஹெரால்டு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் இதைப் பார்த்தால் யாரோ வெட்டி ஒட்டியது என்றுதான் நினைப்பார். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை, நம் குடும்பங்களுக்காகச் செய்த கார் அது. பின்சீட்டுக்குப் பாட்டி ஏற வேண்டும் என்றால் முன்சீட்டை மடக்கிக்கொண்டு நிற்க முடியுமா?

அது எப்படிச் சாத்தியமானது என்பது இன்னும் சுவாரசியம். ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், உண்டு. அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டுவார்கள். இங்கிலாந்தில் பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனியைப் போட்டி கார் கம்பெனியான பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) 1953-ல் வாங்கிவிட்டது. முழுப் பாடியையும் ஒரே இடத்தில் செய்ய ஆளில்லாமல் போனதால் இப்படித் துண்டுகளாகப் பிரித்தார்கள். பாரம் தாங்குவது சேஸிஸ் என்பதால், நடுத் துண்டை மட்டும் மாற்றி இன்னும் இரண்டு கதவு வைக்க இங்கே வழி பிறந்தது. அந்த வீட்டுக்காரர் பின்கதவைத் திறந்து மூடிக் காட்டினார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் கதவு சரியாக உட்கார்கிறது. நம் ஊர் எஞ்சினியர்களின் இந்த வேலை போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

அங்கிருந்து காசிமேடு பக்கம். பசி, மீன் சாப்பாட்டுக்குத்தான் போனோம். சாப்பிட்டு முடித்து மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி நடந்தபோது, கரையேற்றிய ஒரு ஃபைபர் படகில் இரண்டு பேர் அவுட்போர்டு எஞ்சினின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெரிய கேன், ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. இரண்டிலிருந்தும் டியூப் போய் ஒரு சின்ன டேப்பில் சேர்கிறது. டேப்பிலிருந்து ஒரே டியூப் எஞ்சினுக்குள்.

மூன்று வாய்.

நானும் நண்பனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "அண்ணா, இது எதுக்கு ரெண்டு டப்பா?" என்று கேட்டேன். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா தம்பி, பெட்ரோல்ல கெளப்பி, சூடு ஏறினதும் கிருஷ்ணாயிலுக்கு மாத்தி வுடுறது. வெறும் கிருஷ்ணாயில்ல எஞ்சின் கெளம்பாது." செல்போன் படத்தைக் காட்டினேன். "அதே தான். யாரு படகு?" என்றார். கார் என்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை வாங்கிப் பார்த்தார். "கரைக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி திரும்பப் பெட்ரோலுக்கு மாத்திடணும். இல்லாட்டி மறுநாள் காலையில கயிறு இழுத்தே கை போயிடும்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

எல்லாம் இடத்தில் வந்து உட்கார்ந்தது. மண்ணெண்ணெய் பெட்ரோல் போல லேசில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் திரவமாகவே நிற்கும். எஞ்சின் சூடான பிறகுதான் எரியும். அதனால் கிளப்ப ஒரு சின்னப் பெட்ரோல் டப்பா வேண்டும். அதுதான் அந்த நான்கு ஓட்டைகளில் பூட்டி, மூன்றாவது வாய்க்கு மேலிருந்து இறங்கியிருக்கிறது. பின்னாலுள்ள பெரிய டாங்கில் மண்ணெண்ணெய். டேஷ்போர்டிலிருந்த குமிழ், டேப்பைத் திருப்புகிற கம்பிக்கு. வண்டியை நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் பெட்ரோலுக்கு மாற்றினால், கார்புரேட்டர் கிண்ணத்தில் மறுநாளுக்குப் பெட்ரோல் நிற்கும்.

ராயபுரம் திரும்பியதும் நேரே பானெட்டைத்தான் தூக்கினோம். ஏ40-இல் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் எஞ்சினின் ஒரே பக்கம். எக்ஸாஸ்டை அணைத்த மாதிரி ஒரு தகடு வளைத்துக் கட்டியிருந்ததை, பழைய சைலன்சர் கவசம் என்று காலையில் தாண்டிப் போயிருந்தோம். அது சூட்டைக் கார்புரேட்டர் பக்கம் திருப்பிவிடத்தான். மிச்சமிருந்த அந்த ஒரு போல்ட்டுக்கு நண்பன் ஸ்பானர் வைத்தான். காரின் மற்ற போல்ட்டுகளெல்லாம் இன்ச் அளவு. இதற்கு பத்து எம்எம் கச்சிதமாகப் பிடித்தது. மெட்ரிக் போல்ட் நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு பூட்டியது என்று அர்த்தம். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை எகிறிய காலத்தோடு இது பொருந்திப்போகிறது.

சாரிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பாவுக்குக் காசிமேட்டுல நிறைய சிநேகிதம். லாஞ்ச் எஞ்சின் பாக்கறவங்க வீட்டுக்கே வருவாங்க. வண்டியில ஏறினா ஸ்டவ் வாடை அடிக்கும்னு அம்மா முனகுவாங்க, அது ஏன்னு இப்பத்தான் புரியுது" என்றார்.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழைய காரில் புரியாத ஒன்று இருந்தால் நாம் உடனே கம்பெனிக் கையேட்டையும் இங்கிலாந்துப் படங்களையும் தேடுகிறோம். கார் அறுபது, எழுபது வருடம் வாழ்ந்தது அங்கே இல்லை. பெரம்பூர் ரயில்வே பட்டறை, துறைமுகம், மீன்பிடிப் படகு, லேத் என்று எஞ்சினோடு பழகிய மனிதர்கள் நடுவில் வாழ்ந்திருக்கிறது. அவர்கள் தங்கள் தொழிலில் செய்வதைக் காரிலும் செய்தார்கள். கேட்க வேண்டியது அவர்களிடம்.

மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு நல்லதா என்றால், இல்லை. முழுதாக எரியாதது பிஸ்டனைத் தாண்டி இறங்கி ஆயிலை நீர்க்கவைக்கும், பிளக்கில் கரி படியும். நண்பன் எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றிப் பார்த்து, பேரிங்குகளை மாற்ற முடிவு செய்திருக்கிறான்.

டிங்கர் வந்தபோது நாங்களும் போயிருந்தோம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்போ வெல்டிங் வேணாம் சார், ரப்பர் பிளக் போட்டா தண்ணி உள்ள வராது, ஓட்டையும் அப்படியே இருக்கும்" என்று அவரே சொன்னார். டேப்பைக் கழற்றி, பித்தளையைத் துலக்கி, புது வாஷர் போட்டு அதே இடத்தில் பூட்டியாயிற்று; மூன்றாவது வாய்க்கு ஒரு திருகு மூடி. கார் பெட்ரோலில் மட்டும்தான் ஓடும். படங்களையும் இந்த விவரத்தையும் தாளில் எழுதி ஆர்சி புத்தகத்தின் உறைக்குள் சார் வைத்திருக்கிறார்.

இன்னொன்று மட்டும் பாக்கி. பின்சீட்டுக்கு மேலே, கூரையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு இரும்பு வளையம், பலமாக ரிவெட் அடித்தது. திரைச்சீலைக்கு இவ்வளவு கனம் தேவையில்லை. வளையத்தின் அடிப்பக்கம் தேய்ந்திருக்கிறது, அதனால் எதையோ தொங்கவிட்டிருக்கிறார்கள். தூளி என்கிறான் நண்பன். சார் தன் அக்காவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டிலோ உறவிலோ பழைய ஆஸ்டின் இருந்தால், பின்சீட்டில் உட்கார்ந்து ஒரு முறை மேலே பாருங்கள். அங்கேயும் வளையம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.