மாப்பிள்ளையின் எக்செல் ஷீட்

அக்கா மகனுக்கு வேலை நிரந்தரமானதும் வீட்டில் பைக் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. அக்காவும் மச்சானும் பொள்ளாச்சிப் பக்கம் தோப்போடு இருக்கிறார்கள். பையன் கோவையில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறான். அதனால் பேச்சு முழுக்க என் காதில்தான் விழும். கல்லூரிக் காலத்தில் வாங்கிய யமஹா ஆர்15 பைக் அவனுக்குச் சின்னதாகிவிட்டதாம். "இனி மிடில்வெயிட்தான் மாமா" என்றான்.

வெளிநாட்டில் 600 சிசி பக்கம் போனால்தான் அந்தப் பெயர் கிடைக்கும். 300, 400 எல்லாம் அங்கே பழகுகிறவர்களுக்கான வண்டி. நம் ஊரில் 300-ஐத் தொட்டாலே பெட்ரோல் பங்கில் நாலு பேர் வந்து விலை கேட்பார்கள், அப்புறம் மைலேஜ் கேட்பார்கள், அப்புறம் பாவமாகப் பார்ப்பார்கள்.

ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு எக்செல் ஷீட் வந்தது. கேடிஎம் ஆர்சி 390, யமஹா ஆர்3, ஏப்ரிலியா ஆர்எஸ் 457, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, கவாசகி நிஞ்ஜா 300. ஐந்தையும் நிறுத்தி மார்க் போட்டிருந்தான். முதல் கட்டம் பவர், அதாவது குதிரைசக்தி. ஏப்ரிலியா 47.6 பிஎஸ், ஆர்சி 43.5, ஆர்3 42, நிஞ்ஜா 39, அப்பாச்சி 38. நியாயமான ஷீட். ஏப்ரிலியா முதலிடம், அதற்குப் பச்சை நிறம் வேறு அடித்திருந்தான்.

மறுநாள் ராத்திரி வந்த ஷீட்டில் பவர் மூன்றாவது கட்டத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. டார்க்கை, அதாவது எஞ்சினின் திருகு விசையை, காணவே காணோம். எனக்குத் தெரிந்து ஏப்ரிலியா 43.5 நியூட்டன் மீட்டர், ஆர்சி 37, ஆர்3 வெறும் 29.5. அந்தக் கட்டத்தைத் தூக்கிவிட்டு முதல் இடத்தில் எடையைக் கொண்டுவந்து வைத்திருந்தான். ஆர்3 169 கிலோ, ஆர்சி 172, அப்பாச்சி 174, ஏப்ரிலியா 175, நிஞ்ஜா 179. பச்சை நிறம் இப்போது ஆர்3 மேல். மூன்று கிலோவில் ஜெயிப்பு. தீபாவளிக்குப் பொள்ளாச்சி போய்விட்டுத் திரும்பும்போது இவன் கூடுவதே அதைவிட அதிகம்.

சரி, மனசு எங்கே இருக்கிறது என்று தெரிந்துபோயிற்று. எட்டாவது படிக்கும்போதிலிருந்து இவன் பீரோ கதவில் யமஹா ஆர்1 படம் ஒட்டியிருக்கிறது. அந்த மூஞ்சியின் தம்பி மூஞ்சிதான் ஆர்3. அதைச் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் 'அழகாக இருக்கிறது, வாங்குகிறேன்' என்று ஆண்பிள்ளை சொல்வது எங்கள் சாதிசனத்தில் வழக்கமில்லை. நகை வாங்கும் பெண்கள் அதை நேராகச் சொல்வார்கள். பைக் வாங்கும் நாங்கள் பவர்-டு-வெயிட் ரேஷியோ என்போம்.

விடக்கூடாது என்று நானும் கிண்டினேன். "42 பிஎஸ் எப்போ கிடைக்கும், 10,750 ஆர்பிஎம்லதானே? லட்சுமி மில்ஸ் சிக்னல்ல சாயங்காலம் ஆறு மணிக்கு அத்தனை முறுக்கினா போலீஸ்காரர்தான் ஓடி வருவார். ஆர்சி 7,000-லயே முழு டார்க்கையும் கொடுத்துடுது, ஏப்ரிலியா 6,700-ல."

"ஸ்மூத்னெஸ் மாமா. ஆர்சி ஒத்த சிலிண்டர், ஆர்3 ரெட்டை."

"ஏப்ரிலியாவும் ரெட்டைதானேடா?"

அதற்குத்தான் காத்திருந்தான். போர்ட்டிகோவில் என்னை உட்கார வைத்து கிராங்க் பாடம் நடத்தினான். பிஸ்டன்கள் சுழற்றும் அச்சுக்குத்தான் கிராங்க் என்று பெயர். ஆர்3-லும் நிஞ்ஜாவிலும் 180 டிகிரி கிராங்க். ஒரு பிஸ்டன் மேலே போகும்போது இன்னொன்று கீழே வரும். ஏப்ரிலியாவில் 270 டிகிரி, வெடிப்பு விழும் இடைவெளியே வேறு, அதனால் வி-ட்வின் (வி வடிவில் நிற்கும் இரட்டை சிலிண்டர்) மாதிரி ஒரு கரகரப்பு. சொல்லிவிட்டு விட்டானா, வாயாலேயே இரண்டையும் செய்து காட்டினான். 180-க்கு மெல்லிசாக ஆரம்பித்து உச்சிக்குப் போனான். 270-க்குத் தொண்டையின் அடியிலிருந்து இழுத்தான். எஞ்சின் சுழற்சியின் உச்ச வரம்பான ரெட்லைனைத் தொடும்போது என் அம்மா உள்ளேயிருந்து கற்பூரவல்லிக் கஷாயத்தோடு வந்துவிட்டார். "ஏங்கண்ணு, நெஞ்சுல சளி கட்டியிருக்குதா?"

குடித்தான். அமுச்சி (எங்கள் பக்கம் அம்மாவின் அம்மாவுக்கு அந்தப் பெயர்) கொடுத்தால் குடித்துத்தான் ஆகவேண்டும். முன்பணம் அவருடைய தோப்புக் குத்தகைக் காசிலிருந்து வருகிறது.

ஸ்டைல் பேச்சில் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் அப்பாச்சி ஆர்ஆர் 310 கட்சி. நம்ம ஓசூரில் செய்கிற வண்டி. அந்த எஞ்சினே ஒரு வேடிக்கை. சிலிண்டரைத் திருப்பிப் பின்பக்கமாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். காற்று முன்னாலிருந்து நேராக உள்ளே போகும், புகை பின்பக்கமாக வெளியே வரும். எஞ்சின் முன்சக்கரத்தை ஒட்டி உட்கார முடிவதால் வண்டியை நீட்டாமலே பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங்ஆர்மை நீளமாக வைக்கலாம். அதே தொழிற்சாலையில், அதே அச்சில், 2022-ல் பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர்ஆர் என்று ஒரு வண்டி வந்தது. அதே முகப்பு, அதே வால், அதே 312 சிசி. பெயிண்டும் டேங்க் மேல் ஒட்டிய வட்டமும்தான் வேறு. மாப்பிள்ளையிடம் இரண்டு படத்தையும் காட்டினேன். அப்பாச்சியைப் பார்த்து, "முன்னாடி கொஞ்சம் ஓவரா இருக்கு மாமா" என்றான். மற்றதைப் பார்த்து, "இது கிளாஸ்." 2024-லிருந்து 38 பிஎஸ் கொடுப்பது இவனுக்கு ஓவராகத் தெரிந்த வண்டி, கிளாஸாகத் தெரிந்தது 34. அதற்கு அப்புறம் அவன் ஷீட்டில் ஸ்டைலுக்கு என்ன மார்க் போட்டாலும் நான் வாய் திறப்பதில்லை.

பக்கத்து வீட்டு வாத்தியார் வேறு நடுவில் புகுந்தார். அவர் ஒரு காலத்தில் ராஜ்தூத் 350 வைத்திருந்தவர், சோழவரம் விமானத் தளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் இங்கிருந்து ரயிலேறிப் போய்ப் பார்த்தவர். ஷீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தார். "என் வண்டி 347 சிசி, 30 குதிரை. அது குதிரை. இதெல்லாம் கம்ப்யூட்டர் குதிரை" என்று சொல்லிவிட்டு, அந்த வண்டி எத்தனை பெட்ரோல் குடித்தது என்று நான் கேட்டதும் மோட்டார் போட்டுவிட்டு வந்ததாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

யமஹா ஷோரூமுக்கு அம்மாவும் வந்தார். காசு கொடுக்கிறவர் வரக்கூடாது என்று எப்படிச் சொல்வது? விற்பனைப் பையன் இன்ஜெக்டர், ஏபிஎஸ் என்று ஆரம்பித்தான். அம்மா நேராகப் பின் சீட்டுக்குப் போனார். ஒரு கை விரித்து அளந்தார். சாண் அகலம்கூட இல்லை, அதுவும் முன் சீட்டைவிட அரை அடி உயரத்தில்.

"ஏனுங் தம்பி, இதுல ஏறோணும்னா ஏணி நீங்களே குடுப்பீங்களா?"

"பாட்டிம்மா, இது ஸ்போர்ட்ஸ் பைக்குங்க."

"அப்பறம் இதென்ன?" பின்சக்கரத்தின் ஓரத்தில் இருந்த கம்பித் தடுப்பைக் காட்டினார்.

"அது... சேலை சிக்காம இருக்கறதுக்குங்க."

"அப்ப சேலை கட்டுனவங்க உக்காரலாம்னுதானே போட்டிருக்கறாங்க?"

பையனிடம் பதில் இல்லை. உண்மையில் மத்திய மோட்டார் வாகன விதி 123 அம்மா பக்கம்தான். பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, மூன்றும் கட்டாயம். உலகத்தில் எங்கே வடிவமைத்த ரேஸ் வண்டியாக இருந்தாலும் இங்கே வந்தால் சேலைத் தடுப்போடுதான் நிற்கவேண்டும். மாப்பிள்ளை என் காதில், "டெலிவரி எடுத்ததும் முதல் வேலை இதைக் கழட்டறதுதான்" என்றான். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. காது மட்டும் அப்படியே இருக்கிறது. "கழட்டுனீன்னா குத்தகைக் காசையும் கழட்டிக்குவேன்."

இவ்வளவும் ஆன பிறகும் ஷீட் நிற்கவில்லை. கடைசிப் பதிப்பில் ஒரு புதுக் கட்டம் வந்து எல்லாவற்றுக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தது. வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேலே உள்ளவற்றுக்கு செஸ்ஸோடு 31 ஆக இருந்தது 40 ஆனது. ஆர்3 321 சிசி. ஆர்சியும் ஏப்ரிலியாவும் கோட்டுக்கு அந்தப் பக்கம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் அதே கோட்டில்தான் மாறுகிறது: ஆண்டுக்கு 1,366 ரூபாய் இந்தப் பக்கம், 2,804 அந்தப் பக்கம். மூன்று கிலோவை வைத்துத் தடுமாறிக்கொண்டிருந்தவனுக்கு மத்திய அரசே வந்து கைகொடுத்துவிட்டது.

"350-க்குக் கீழே அப்பாச்சியும் நிஞ்ஜாவும்கூட இருக்குதேடா?"

"அதெல்லாம் முதல் ரவுண்ட்லயே பவர்ல அவுட் மாமா."

அம்மா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அந்த நீல வண்டிதான் வேணுங்கறத மொதல்லயே சொல்லியிருந்தா இந்நேரம் ஓட்டிப் பழகியிருப்பான்."

நீல வண்டியே வந்தது. டெலிவரி அன்றைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, ஹேண்டில்பாருக்கு மாலை போட்டு, டேங்கில் அம்மா விபூதிப் பட்டை இழுத்தார். யமஹா சின்னத்தில் இருக்கும் மூன்று இசைக்கவைகள் மேல் சரியாக மூன்று கோடு. பெயிண்ட் பாழாகிறதே என்று மாப்பிள்ளையின் முகம் கோணியதை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

"பின்னால ஏறுங்க அமுச்சி, ஒரு ரவுண்டு" என்று கூப்பிட்டான். அம்மா சேலைத் தடுப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். இருந்தது. பார்த்துவிட்டு, "நீ முன்னால போ சாமி" என்று சொல்லி ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு எஞ்சினை முறுக்கக்கூடாது என்று ஷோரூமில் பத்துத் தடவை சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். மேம்பாலத்து இறக்கத்தில், டேங்கோடு படிந்து, முழங்கையை மடக்கி, கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்ட ஹெல்மெட்டோடு நாற்பதில் போய்க்கொண்டிருந்தவனை எங்கள் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து ஓரங்கட்டித் தாண்டினார். அம்மா வெளியே கையை நீட்டி ஆட்டினார். அவன் கவனிக்காத மாதிரி டிஸ்பிளேயைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டுக்குள் அவன் நுழைந்தபோது அம்மா தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். "வந்துட்டயா கண்ணு? நாங்க காப்பி குடிச்சாச்சு. உனக்குப் பால் ஆறிப்போச்சு, சூடு பண்ணிக்கோ."