பழைய ஸ்ப்ளெண்டர் ஒன்றைப் பார்த்த நாட்கள்

3 நவம்பர் 2025, திங்கள்

தங்கை மகனுக்குத் திருபுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. தாராசுரத்திலிருந்து தினமும் போய்வர வண்டி வேண்டும். கையில் இருப்பதோ இருபத்தைந்தாயிரத்துக்குள். 2011 மார்ச்சில் பதிவான ஸ்ப்ளெண்டர் பிளஸ் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகத் தெரிந்தவர் சொன்னார். 22,000 ரூபாய் கேட்கிறார்களாம். 97.2 சிசி இன்ஜின். எந்த ஊரிலும் பிரித்து மாட்ட ஆள் இருப்பார், உதிரி பாகமும் கிடைக்கும். டேங்கில் ‘ஹீரோ ஹோண்டா’ என்று இருக்கிறது. இரு நிறுவனங்களும் பிரிவதாக 2010 டிசம்பரில் அறிவித்த பிறகு பதிவான வண்டி இது. அந்தப் பெயருக்காகவே இரண்டாயிரம் மூவாயிரம் கூட்டிச் சொல்பவர்கள் உண்டு. ஸ்டிக்கருக்குப் பணம் கொடுக்கும் எண்ணம் எனக்கில்லை.

5 நவம்பர், புதன்

வண்டியைப் பார்க்கும் முன்பே அதன் எண்ணை அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் போட்டுப் பார்த்தேன். போக்குவரத்து அபராதம் எதுவும் நிலுவையில் இல்லை. இன்சூரன்ஸ் காலாவதியாகிவிட்டது. பதினைந்து ஆண்டுப் பதிவு வரும் மார்ச்சில் முடிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இன்னும் பதிவில் அப்படியே நிற்கிறது. விலை ஏன் இவ்வளவு குறைவு என்பது ஓரளவு புரிந்தது.

பதிவைப் புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வாங்க வேண்டும், இருசக்கர வாகனத்துக்கு 2022 ஏப்ரல் முதல் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 1,000 ரூபாய், அதோடு பசுமை வரியும் உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு இந்த சிசிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. கேட்கும் விலையோடு இவற்றையும், எஃப்.சி.க்கு முன் செய்தாக வேண்டிய வேலைகளையும் கூட்டிப் பார்த்தால் 22,000 மலிவில்லை.

8 நவம்பர், சனி

மாலையில் போய்ப் பார்த்தேன். பெயிண்டைப் பார்ப்பதற்கு முன் இன்ஜின் பக்கம் கையைக் கொண்டுபோனேன், சுட்டது. நான் வருவது தெரிந்து ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். சூடான இன்ஜின் எல்லாக் குறையையும் மறைத்துவிடும் என்பதால், நாளைக் காலை வரும்வரை யாரும் உதைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். உரிமையாளர் முகம் சுளிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.

மீட்டர் 41,000 காட்டுகிறது. ஆனால் ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் கிக்கர் ரப்பரும் வரி தெரியாமல் வழவழவென்று தேய்ந்திருக்கின்றன. கேபிளைக் கழற்றி வைத்தாலே ஓடாத மீட்டரை நம்புவதைவிட ரப்பரை நம்பலாம். பின் டயரின் பக்கவாட்டில் 1418 என்ற எண். அதாவது 2018இன் பதினான்காவது வாரத்தில் தயாரானது. டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) இன்னும் உயரமாகத்தான் இருக்கிறது என்றாலும் அடியில் மயிரிழை வெடிப்புகள். டயரை மாற்றத்தான் வேண்டும்.

9 நவம்பர், ஞாயிறு

காலையில் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனையும் அழைத்துப் போனேன். சோக்கை இழுத்து உதைத்ததும் எளிதாகப் பிடித்துக்கொண்டது. சைலன்ஸரில் முதலில் நீலப்புகை, பிறகு அடங்கிவிட்டது. ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தும் திரும்ப வரவில்லை. “ரிங் போயிருந்தா முறுக்க முறுக்கப் பொகையும் தம்பி, இது வால்வு சீல்தான்” என்றார் அண்ணன். பிஸ்டன் ரிங் என்றால் சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போர் வேலை வரைக்கும் போகும்; சீல் மாற்றுவது அதைவிட மிகச் சிறிய செலவு. டைமிங் செயின் ஓசை சற்று இருக்கிறது, அவசரமில்லை.

அவர் அதிக நேரம் செலவிட்டது இன்ஜினில் அல்ல, முன்பக்கத்தில். சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பினார். நேராக வரும் இடத்தில் மட்டும் லேசாகத் தடுத்து நின்றது. ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட்டை மாற்ற வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு பின்னால் பத்தடி தள்ளிக் குந்தியிருந்து, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நிற்கின்றன. ஃபோர்க் வளையவில்லை, சேஸியில் வெல்டிங் தடயமும் இல்லை. இது மட்டும் வேறுவிதமாக இருந்திருந்தால் பத்தாயிரத்துக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்றிருப்பேன். பின் பிரேக்கை அழுத்தியபோது டிரம்மின் அம்புக்குறி எல்லைக் கோட்டைத் தொட்டது, பிரேக் லைனர் தேய்ந்து முடிந்துவிட்டது. செயின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகிவிட்டன. இன்ஜின், சேஸி எண்களைத் துணியால் துடைத்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டோம், சரியாக இருந்தன.

11 நவம்பர், செவ்வாய்

வால்வு சீல், கோன் செட், லைனர், செயின் செட், பின் டயர் என்று அண்ணன் போட்டுக் கொடுத்த கணக்கைக் காட்டிப் பேசியதில் உரிமையாளர் 17,500க்கு இறங்கி வந்தார்.

டியூ எப்போதோ கட்டி முடித்தாயிற்று என்று, கடன் பாக்கியில்லை என நிறுவனம் அப்போது கொடுத்த என்.ஓ.சி. கடிதத்தைக் காட்டினார். ஆண்டுகள் கடந்த கடிதத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏற்பார்கள் என்று நம்பிப் பணம் கொடுக்க முடியாது. நிறுவனத்திடம் புதிதாகக் கடிதம் வாங்கி, படிவம் 35 கொடுத்து, எச்.பி.யை, அதாவது பதிவில் நிற்கும் கடன் குறிப்பை, வண்டி அவர் பெயரில் இருக்கும்போதே ரத்து செய்து தரும்படி சொன்னேன். “வண்டிய எடுத்துட்டுப் போங்க சார், அத அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். அந்த ‘அப்புறம்’ எனக்கு ஒத்துவராது. வேலைக்குப் போகும் பையன் வண்டியில் வழக்கு வந்தால் அலையப்போவது அவர் அல்ல.

14 நவம்பர், வெள்ளி

நிறுவனத்தின் கிளையில் விண்ணப்பித்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். 1,000 ரூபாய் முன்பணம் கொடுத்து, எச்.பி. ரத்தாகாவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். மீதித் தொகை, தளத்தில் அந்தப் பெயர் நீங்கி, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் அவர் கையெழுத்திட்ட பிறகுதான். பதிவுப் புதுப்பிப்புக்குக் காலாவதிக்கு அறுபது நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அதற்குள் பெயர் மாற்றம் முடிந்துவிட்டால் ஜனவரியில் எஃப்.சி.க்குப் போகலாம். அதுவரை பையன் பஸ்ஸில்தான் போகிறான்.