ராமர் தீர்த்தமும் எங்கள் பள்ளிக்கூடப் பானையும்

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு தீர்த்தமலைக்குப் போய்வந்தேன். எங்கள் தர்மபுரி மாவட்டத்தில், அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். முதலில் தென்பெண்ணையில் அனுமன் தீர்த்தத்தில் குளித்துவிட்டு, அப்புறம்தான் மலையேற வேண்டும் என்பது முறை. ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டோம்.

படியேறும்போது அம்மா வழக்கம்போலக் கதையை ஆரம்பித்தார். சிவபூஜைக்கு நேரமாகியும் கங்கை நீர் கொண்டுவரப் போன அனுமன் திரும்பவில்லை. ராமர் மலையில் அம்பு விட்டார், பாறையிலிருந்து தண்ணீர் வந்தது. தாமதமாக வந்த அனுமன் வருத்தத்தில் வீசியெறிந்த கலசம் விழுந்த இடம்தான் அனுமன் தீர்த்தம். சாமியே தண்ணீருக்குக் காத்திருந்த கதை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் வகுப்பு மூலையில் மணல் கூட்டி ஒரு மண்பானை வைத்திருப்பார்கள். அதை நிரப்புவது பெண்பிள்ளைகள் வேலை. காலைமணி அடிப்பதற்கு முன்பே இரண்டு இரண்டு பேராகக் குடம் எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போவோம். கைப்பிடி என் தோளுக்கு மேலே இருக்கும். குதித்துத் தொங்கி அடித்தால் ஒரு தரத்துக்கு ஒரு கை தண்ணீர் விழும். மதியம் சத்துணவு. 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த அந்தச் சோறு இல்லையென்றால், புளி தட்டிக் கூலி வாங்கிய அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கவே முடியாது. அலுமினியத் தட்டில் சாப்பிட்டுவிட்டு, கயிறு கட்டிய டம்ளரில் அந்தப் பானைத் தண்ணீரைக் குடிப்போம்.

அந்தத் தண்ணீர்தான் எங்கள் பல்லைக் காவியாக்கியது. நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்று யாரும் அப்போது எங்களுக்குச் சொல்லவில்லை. ஆறாவது படிக்கும்போது, பள்ளிக்கு வந்த ஒருவர் என்னை எழுப்பி நிறுத்தி, “பல்லே விளக்க மாட்டியா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அன்று சாயங்காலம் செங்கல் பொடியை வைத்து ஈறில் ரத்தம் வரும்வரை தேய்த்தேன். போகவில்லை. பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் முக்கால்வாசிப் பேர் வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிறோம். இன்றும் அதைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும்.

செங்கல் பொடி தேய்த்த அந்த வருஷம்தான் அம்மா முதல்முறையாக என்னை இந்த மலைக்குக் கூட்டிவந்தார். “ராமர் தீர்த்தத்துல வாய் கொப்பளி கண்ணு, சாமி பாத்துக்கும்” என்றார். வெறுங்காலோடு ஏறினோம். பாறையிலிருந்து மெல்லிய தாரையாக விழும் நீரைக் கையில் பிடித்து வாயில் வைத்ததும் எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. தண்ணீர் இனிக்குமா என்ன! சப்புக்கொட்டிக் குடித்தேன். கறை போகவில்லை. ஆனால் அந்த ருசியை மறக்கவில்லை. இந்த மலைச் சிவனை, தீர்த்தகிரீஸ்வரர் என்று பெயர் சொன்னாலே எனக்கு முதலில் நாக்குதான் நினைத்துக்கொள்ளும்.

இந்த முறை அம்மாவுக்கு முட்டிவலி. திருப்பத்துக்குத் திருப்பம் உட்கார்ந்து, குரங்குக்குப் பயந்து பூஜைப் பையை மடியில் கட்டிக்கொண்டு ஏறினார். சன்னிதியில் கூட்டமில்லை. அருணகிரிநாதர் பாடிய தலம் இது. தீபாராதனையில் வடிவாம்பிகை அம்மனின் முகம் பளிச்சென்று தெரிந்தபோது, கேட்க வந்ததெல்லாம் மறந்துபோனது. கும்பிட்டுக்கொண்டே நின்றேன்.

என் மகள் தாரைக்குக் கீழே நின்று, குளிரில் கத்திச் சிரித்தாள். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வந்த பிறகு வளர்ந்த பிள்ளை அவள். அம்மா அவள் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். “எவ்வளவு வெள்ளையா இருக்கு பாரு” என்று மெதுவாகச் சொன்னார்.

பிறகு வீட்டுக்குக் கொண்டுபோகப் பாட்டிலில் தீர்த்தம் பிடித்தார். மூடியைத் திருகி என்னிடம் கொடுத்துவிட்டு, தாரையில் இரண்டு கையையும் குவித்து ஏந்தி என் பக்கம் நீட்டினார்.

“கொப்பளி கண்ணு.”

குனிந்து அவர் கையிலிருந்தே வாயில் வாங்கிக்கொண்டேன்.