தராசும் மண்தட்டும்: முதல் பூனைக்குட்டி நாட்குறிப்பு

4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

குட்டி வர இன்னும் 13 நாள். வீடு சென்னையில், மூன்றாம் மாடி, ஒரு பால்கனி. வரப்போவது சாம்பல் வரி போட்ட நாட்டுப் பூனை, பெட்டை. இன்றைக்கு ஏழு வாரம், தாயோடு இருக்கிறது. எட்டு வாரம் முடியும்முன் பிரிக்கக் கூடாது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைத் தாயும் கூடப்பிறந்த குட்டிகளும் சொல்லித் தருவதுபோல் நம்மால் சொல்லித் தர முடியாது.

முதல் வேலை, தரையில் உட்கார்ந்து பூனை உயரத்தில் வீட்டைப் பார்ப்பது. நம் வீடுகளில் முதல் எதிரி நூல்: மல்லிகைச் சரத்தில் மிஞ்சியது, தையல் பெட்டியில் தொங்குவது, இனிப்புக் கடைப் பொட்டலத்தில் கட்டியது. பூனை நாக்கின் முட்கள் தொண்டைப் பக்கமாகச் சாய்ந்தவை. மாட்டிய நூலைத் துப்ப வராது, விழுங்கத்தான் வரும். ஒரு முனை நாக்கடியில் சிக்கிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போனால் குடல் சுருக்குப்பை போல மடிந்து, நூல் அதை அறுத்துவிடும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்குவது தெரிந்தால் இழுக்க வேண்டாம். அப்படியே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அடுத்தது ஃபினாயில். கறுப்போ வெள்ளையோ, இரண்டும் வெளியே. பூனையின் கல்லீரலுக்கு ஃபீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. துடைத்த தரையில் நடக்கும், பாதத்தை நக்கும், அவ்வளவுதான். பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சாவதும் இதே குறையால்தான். அரை மாத்திரை பெரிய பூனையையே கொல்லப் போதும். ‘குழந்தைக்குக் கொடுக்கிற சிரப்தானே, ரெண்டு சொட்டு’ என்பவர்களை மருந்து அலமாரிப் பக்கமே விடக்கூடாது. அந்துருண்டையும் எறும்பு சாக்பீஸும் வீட்டைவிட்டு வெளியே போகட்டும்.

தொட்டியில் அரளி, செங்காந்தள், லில்லி இருந்தால் அண்டை வீட்டுக்குக் கொடுத்துவிடலாம், அங்கே பூனை இல்லையென்றால். உண்மையான லில்லியின் (லிலியம் வகை) மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, அதை நக்கினாலே சிறுநீரகம் போகும். மணி பிளான்ட் உயிரை வாங்காது. கடித்தால் வாய் எரிந்து எச்சில் வழியும்.

பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். புறாவுக்குக் கட்டும் நைலான் வலை தற்காலிகம்தான், பல் பட்டால் ஓட்டை. ஒரு அங்குலக் கண்ணுள்ள எஃகு வலை அடித்தாயிற்று. ஜன்னல் கொசுவலை ஃபைபர் வகை என்றால் நகத்துக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது.

8 ஆகஸ்ட், வியாழன்

வாங்கியவற்றில் முக்கியமானது சமையலறைத் தராசு. 5 கிலோ வரை, ஒரு கிராம் துல்லியம். பூனை தன் நோயை வெளியே காட்டாது. எடையும் மலமும்தான் முதலில் பேசும்.

கழிப்புத் தட்டு: இப்போதைக்கு 35×25 செ.மீ., விளிம்பு 6 செ.மீ. உயரம். கடைக்காரர் மூடி போட்டதைத்தான் நீட்டுவார். மூடி மனிதன் மூக்குக்குச் செய்தது. பூனைக்கு அது நாற்றம் அடைத்த, ஒரே வழியுள்ள பொந்து. வளர்ந்தபின் தட்டின் நீளம் பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையான அளவைப் போல ஒன்றரை மடங்கு வேண்டும். அதற்குக் கடையில் தேடுவதைவிட 65 செ.மீ. பிளாஸ்டிக் சேமிப்புப் பெட்டியின் ஒரு பக்கத்தை அறுத்து, விளிம்பைத் தேய்த்துக்கொள்வது மலிவு. ஒரு பூனைக்கு இரண்டு தட்டு என்பது கணக்கு.

உள்ளே போட மரத்தூள் உருண்டை. ஈரம் பட்டால் கட்டியாகும் பென்டோனைட் களிமண் நான்கு மாதம் ஆகும்வரை வேண்டாம். சின்னக் குட்டி அதைத் தின்று பார்க்கும், வயிற்றுக்குள்ளும் அது கட்டியாகும். எம்-சாண்டில் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கூரும் தூசியும் அதிகம். சலித்த ஆற்று மணல் பரவாயில்லை, ஆனால் கனம், வீடெல்லாம் பரவும்.

கீறல் தூண் வீட்டிலேயே செய்தது. 110 மி.மீ. பிவிசி குழாய், 80 செ.மீ. நீளம். 18 மி.மீ. பிளைவுட்டில் 45 செ.மீ. சதுர அடித்தளம். 8 மி.மீ. சணல் கயிறு. 70 செ.மீ. உயரம் நெருக்கிச் சுற்ற ஏறக்குறைய 88 சுற்று, 33 மீட்டர் பிடிக்கும். 35 மீட்டராக வாங்கினால் முடிச்சுக்கும் சேர்த்துச் சரி. பசை இரு முனையிலும் நடுவில் ஓரிரு இடத்திலும் மட்டும் போதும், தேய்ந்தபின் கழற்றி மாற்றலாம். தூண் ஆடினால் அதை விட்டு சோபாவுக்குப் போய்விடும். அதனால் குழாய்க்குள் 4 கிலோ மணல் போட்டு மூடியிருக்கிறது. வைக்க வேண்டிய இடம் சோபா ஓரம். மூலையில் ஒளித்து வைத்த தூண் வீண்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

உணவு. பால் சாதம், தயிர் சாதம் பற்றி முதலில் பேசிவிடலாம். தாய்ப்பால் மறந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி போதாது, வயிற்றோட்டம் வரும். அதைவிடப் பெரிய சிக்கல் டாரின் என்ற அமினோ அமிலம். பூனை உடம்பு டாரினைத் தேவையான அளவு தானே செய்துகொள்ளாது, மாமிசத்திலிருந்துதான் வர வேண்டும். மாதக்கணக்கில் இல்லாமல் போனால் விழித்திரை கெடும், இதயத் தசை மெலிந்து பலூன் போல விரியும். சைவ வீட்டில் பூனை வளர்க்கலாம். பூனையைச் சைவமாக வளர்க்க முடியாது. அடுப்பில் கறி ஏறக்கூடாத வீட்டுக்கு பாக்கெட் உணவு இருக்கிறது.

அளவு: இந்த வயதில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோ கலோரி. உலர் குட்டி உணவு 100 கிராமில் ஏறக்குறைய 400. ஆக 900 கிராம் குட்டிக்கு 45 கிராம், நான்கு வேளையாகப் பிரித்து. பாக்கெட்டில் ‘குட்டிகளுக்கு’ என்றும் ‘முழுமையான உணவு’ என்றும் இருக்க வேண்டும். ‘கூடுதல் உணவு’ என்று போட்ட கிரேவிப் பாக்கெட் வெறும் தொட்டுக்கொள்ளத்தான்.

மீன் கொடுக்கலாம், வாரத்துக்கு ஓரிரு முறை, வேகவைத்து, முள் எடுத்து. பச்சை நெத்திலியில் உள்ள ஒரு நொதி உணவிலிருக்கும் பி1 வைட்டமினை அழிக்கும். வேகவைத்தால் அந்த நொதி அழியும். குழம்பு மீன் கூடவே கூடாது, வெங்காயமும் பூண்டும் சிவப்பணுவை உடைக்கும். கருவாடு உப்பு.

கிண்ணத்தை எறும்பு பிடிக்காமலிருக்க, பெரிய தட்டில் ஒரு விரல் தண்ணீர் விட்டு அதன் நடுவே வைப்பது பழைய வழி, இன்றும் அதுதான் சிறந்தது. குடிக்கும் தண்ணீர் வேறு இடத்தில் இருக்கட்டும், அகலக் கிண்ணத்தில்.

17 ஆகஸ்ட், சனி

காலை 10 மணிக்கு வந்தது. ஒன்பது வாரம். எடை 870 கிராம். பிறக்கும்போது நூறு கிராம், பிறகு வாரத்துக்கு நூறு என்பது நாட்டுக் குட்டிக்கு நல்ல உத்தேசக் கணக்கு. இது சற்றே குறைவு, கவலைப்படும்படி இல்லை.

சின்னப் படுக்கையறை மட்டும் அதன் வீடு, குறைந்தது ஒரு வாரத்துக்கு. ஒரு மூலையில் தட்டு, எதிர் மூலையில் உணவு, நடுவே கவிழ்த்து வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி, திறந்த கூண்டு. தாய் படுத்திருந்த பழைய துணியில் ஒரு துண்டு கூடவே வந்திருக்கிறது. அதைத் துவைக்கக் கூடாது. கட்டிலுக்கு அடியில் போனால் போகட்டும். இழுத்து வெளியே எடுப்பது ஒரு வார நம்பிக்கையை ஒரு நிமிடத்தில் செலவழிப்பது. கட்டிலடி முழுவதையும் முன்பே அடைத்து, கை எட்டும் ஒளிவிடம் ஒன்று மட்டும் விட்டிருந்தால் இன்னும் நல்லது.

18 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று இரவு வரை சாப்பிடவில்லை, பிறகு 9 கிராம். விடிவதற்குள் இன்னொரு 12. சிறுநீர் இரண்டு முறை, மலம் இல்லை. முதல் நாளுக்கு இது சரி. இந்த எடையில் 12 மணி நேரம் எதுவுமே உள்ளே போகாவிட்டால் சர்க்கரை இறங்கும், துவளும். அதற்குமேல் பொறுத்திருந்து பார்க்கக் கூடாது.

20 ஆகஸ்ட், செவ்வாய்

மருத்துவர். ஆட்டோவில் கூண்டின் மேல் துணி போர்த்தி, இருக்கையில் அல்ல, காலுக்கிடையில் வைத்து.

வெப்பம் 38.6, இயல்பு. ஈறு இளஞ்சிவப்பு. பூச்சி மருந்து எடை பார்த்துக் கொடுத்தார், இரண்டு வாரம் கழித்து மீண்டும். முதல் மருந்து முட்டையாகவும் இளம்புழுவாகவும் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பவற்றைத் தொடாது. மலத்தில் சேமியா போல வந்தால் உருண்டைப் புழு. வாலடியில் காய்ந்த அரிசி போல ஒட்டியிருந்தால் நாடாப்புழு. நாடாப்புழு வருவது தெள்ளுப்பூச்சியை விழுங்கி. இரண்டையும் சேர்த்து ஒழிக்காவிட்டால் மாதாமாதம் இதே கதை.

தெள்ளு இருக்கிறதா என்று பார்க்க, ரோமத்திலிருந்து உதிரும் கரும்பொடியை ஈர டிஷ்யூவில் வைக்க வேண்டும். சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், செரித்த ரத்தம். இதற்கு நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தை ஊற்றித்தான் பல குட்டிகள் சாகின்றன. அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு நடுக்கம், வலிப்பு. ‘கொஞ்சமாகப் போட்டால் போதும்’ என்ற கணக்கு இங்கே கிடையாது.

மூன்று நோய்க்கான முதல் ஊசி இன்று: பன்லூகோபீனியா, ஹெர்பீஸ், காலிசி. நான்கு வார இடைவெளியில் 16 வாரம் தாண்டும்வரை போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசி மருந்தையும் முறித்துவிடும். அது எந்த வாரத்தில் தேயும் என்று வெளியிலிருந்து தெரியாது. ‘ஒண்ணு போட்டாச்சு’ என்று நிறுத்தினால் போடாததற்குச் சமமாகிவிடலாம். பன்லூகோபீனியா கிருமி வீட்டுக்குள் ஒரு வருடம்கூட உயிரோடிருக்கும், செருப்பில் வரும். செருப்பு வாசலுக்கு வெளியேதான்.

26 ஆகஸ்ட், திங்கள்

இரண்டு நாளாகக் கால்மிதியில் சிறுநீர். தட்டில் மலம் மட்டும். குட்டிக்கு ‘திமிர்’ என்று சொல்வதற்கு முன் நான்கு கேள்விகள்: வலிக்கிறதா, தட்டு சுத்தமா, இடம் அமைதியா, மண் மாறியதா? முக்கலும் ரத்தமும் இல்லை, அளவும் இயல்பு. சனிக்கிழமை தட்டைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நகர்த்தியிருந்தது. இயந்திரம் சுழலும்போது தரை அதிரும், அதுதான் காரணம். பழைய இடத்துக்கே போயிற்று.

கால்மிதியை நொதி கலந்த சுத்திகரிப்பானில் ஊறவைத்து அலசியது. அம்மோனியா கலந்த எதுவும் கூடாது, அது சிறுநீர் வாசனையை நினைவுபடுத்தும். தட்டில் காலையும் மாலையும் அள்ள வேண்டும். வாரம் ஒருமுறை வெந்நீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் கழுவி வெயிலில் வைத்தால் போதும். பூனை மலத்தின் வழியாகத் தொற்றிக் கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பற்றிப் பயப்படும் கர்ப்பிணிகளுக்கும் இதில் பதில் உண்டு. மலத்தில் வரும் அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். வேறொருவர் தினமும் அள்ளினால் பூனையைத் துரத்த வேண்டியதில்லை.

இன்று எடை 985.

3 செப்டம்பர், செவ்வாய்

பூச்சி மருந்து இரண்டாம் தவணை. கை கடிக்கிறது. கையை ஆட்டி விளையாடியவர் யார் என்று வீட்டில் விசாரித்தால் தெரிந்துவிடும். நீளக் குச்சியில் கட்டிய இறகு, நாளுக்கு மூன்று தடவை, பத்து நிமிடம். கடைசியில் பிடிக்கவிட்டு, உடனே சாப்பாடு. விளையாட்டு முடிந்ததும் இறகுக் குச்சி அலமாரிக்குள். அதிலும் நூல் உண்டே.

முன்னங்காலில் ஐந்து ஐந்து, பின்னங்காலில் நாலு நாலு, மொத்தம் 18 நகம். தூக்கத்தில் இருக்கும்போது இரண்டு மூன்றாக, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இளஞ்சிவப்பு நரம்புக்கு முன்னே ஒரு மி.மீ. மட்டும் வெட்டுவது. ரத்தம் வந்தால் சோளமாவை வைத்து அழுத்திப் பிடிக்கலாம்.

17 செப்டம்பர், செவ்வாய்

இரண்டாம் ஊசி, கூடவே ரேபிஸ். 1.36 கிலோ. மாலை முழுக்கத் தூங்கியது, அது சகஜம். முகம் வீங்கினாலோ வாந்தி தொடர்ந்தாலோ அன்றே திரும்பிப் போக வேண்டும். ஊசி போட்ட பூனை வேறு, தெருவில் கீறிய பூனை வேறு. தெருப் பூனை கீறினால் சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ரேபிஸ் ஊசிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது.

15 அக்டோபர், செவ்வாய்

மூன்றாம் ஊசி. 1.82 கிலோ. முன்பல் விழத் தொடங்கியிருக்கிறது. 26 பால் பற்கள் போய் ஆறு மாதத்துக்குள் 30 வரும். அதுவரை சார்ஜர் வயரெல்லாம் கடிபொருள், பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டாயிற்று. உணவு மூன்று வேளையாகக் குறைந்தது. கட்டியாகும் களிமண்ணுக்கு இனி மாறலாம்: பழையதில் கால் பங்கு கலந்து, பத்து நாளில் முழுதாக.

31 அக்டோபர், வியாழன், தீபாவளி

உள்ளறை, ஜன்னல் சாத்தி, திரை போட்டு, மின்விசிறி வேகமாக. தட்டும் தண்ணீரும் உள்ளேயே. காலை உணவு 4 மணிக்கே. வெடிச்சத்தத்தைவிட ஆபத்து வாசல் கதவு, பலகாரத் தட்டோடு வருகிறவர்கள் அதைத் திறந்தே வைப்பார்கள். உள்ளறைக் கதவில் ‘பூனை, திறக்காதீர்கள்’ என்று ஒரு காகிதம். பகல் முழுக்கப் பெட்டிக்குள்ளேயே இருந்தது, இரவு 1 மணிக்குச் சாப்பிட்டது. யாரும் தூக்கி ஆறுதல் சொல்லவில்லை, நல்லதாயிற்று.

10 நவம்பர், ஞாயிறு

21 வாரம், 2.24 கிலோ. கருத்தடை வியாழன் அன்று. ‘ஒரு ஈத்துப் போடட்டும்’ என்பதில் மருத்துவ நன்மை எதுவும் இல்லை. நாலு மாதத்திலேயே சூட்டுக்கு வரும் பெட்டைகள் உண்டு, சினைக்காலம் ஒன்பது வாரம்தான்; இங்கே வருடம் முழுக்க நல்ல வெளிச்சம் இருப்பதால் பருவம் ஓய்வதும் குறைவு. முதல் சூட்டுக்கு முன்னே செய்தால் பால்மடிப் புற்றுநோய் வாய்ப்பும் வெகுவாகக் குறைகிறது.

அறுவைக்கு முந்தின இரவு எத்தனை மணி நேரம் பட்டினி என்பதை மருத்துவரிடமே கேட்க வேண்டும், குட்டிக்கு அது பெரிய பூனையைவிடக் குறைவு. வீட்டுக்கு வந்தபின் பத்து நாள் கழுத்துக் கூம்பு. தையல் காயும்வரை தட்டில் மண் வேண்டாம், கிழித்த செய்தித்தாள். உயரமான அலமாரிக்கு ஏறும் ஸ்டூலை எடுத்துவிட வேண்டும். தையலைத் தினம் இரண்டு முறை பார்ப்பது: வீக்கமோ கசிவோ நாற்றமோ இருந்தால் போன். கருத்தடைக்குப் பின் உடம்புக்குத் தேவையான கலோரி குறையும், பசி மட்டும் ஏறும். எனவே அளவுக் கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தராசிலேயே நிறுத்துப் போடுவது. ஞாயிறு காலை எடை தொடரும்.