ஃபேனை டைரக்ட் பண்ணலாமா?

ஜிஎஸ்டி ரோட்டில் எண்பதில் போகும்போது டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டாது, பெருங்களத்தூரில் நெரிசலில் நின்றால் மட்டும் மெல்ல மேலே ஏறும், வண்டி நகர ஆரம்பித்ததும் தானாக இறங்கிவிடும். இப்படி ஒரு கூத்து நடந்தால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மேல்தான் வர வேண்டும். ஓடுகிற வண்டிக்கு எதிர்காற்றே போதும், நிற்கும்போது காற்றை இழுத்துத் தர அந்த ஃபேனை விட்டால் வேறு ஆள் இல்லை. சிக்னலில் ஏசி குளிர்ச்சியும் குறைகிறதா? அப்போ சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

என் வண்டியைப் பார்த்த மெக்கானிக் அண்ணன், "டைரக்ட் பண்ணிடலாம் சார்" என்றார். சாவி போட்டதிலிருந்து ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிற மாதிரி தனியாக வயர் இழுத்துவிடுவது. (மோட்டாரே செத்திருந்தால் டைரக்ட் பண்ணியும் சுற்றாது, அது வேறு விஷயம்.) சிலர் கூடவே தெர்மோஸ்டாட்டையும் (இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைக்கிற வால்வு) கழற்றிப் போட்டுவிடுவார்கள். இரண்டிலுமே எனக்கு உடன்பாடில்லை. இன்ஜின் 90 டிகிரியை ஒட்டி ஓடத்தான் செய்யப்பட்டிருக்கிறது. சூடே ஏறாவிட்டால் இசியு, அதாவது இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர், பெட்ரோலைக் கூடுதலாகத்தான் ஊற்றும், மைலேஜ் போய்விட்டது என்று பிறகு புலம்ப வேண்டியதுதான்.

அதற்குப் பதில் கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டும். முதலில் ஃபியூஸ், அப்புறம் ரிலே (ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற மின் சுவிட்ச்). அதே நம்பர் போட்ட வேறு ரிலே பக்கத்திலேயே இருந்தால் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். அதிலும் கோளாறு இல்லை என்றால் மோட்டார் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் கொடுக்க வேண்டும். என்னுடையது அசையவில்லை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மோட்டார் முதுகில் ஒரு தட்டு தட்டினேன், முனகிக்கொண்டே நாலு சுற்று சுற்றிவிட்டு நின்றது. மோட்டாருக்குள் சுற்றுகிற பகுதிக்குக் கரண்டைக் கொண்டுபோகிற கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்பதற்கு அதுவே போதும். பிரஷ் மட்டும் மாற்றித் தருகிற காயில் கட்டும் கடைகள் உண்டு, ஆனால் உள்ளே தண்டைத் தாங்குகிற புஷ்ஷும் ஆட்டம் கண்டிருந்ததால் முழு அசெம்ப்ளியாகவே வாங்கிவிட்டேன்.

மாற்றுவது பெரிய வேலையில்லை. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், பேட்டரி நெகட்டிவைக் கழற்றியிருக்க வேண்டும், ஏனென்றால் சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும், விரல் போய்விடும். என் வண்டியில் மேலே இரண்டு பத்தாம் நம்பர் போல்ட்தான், கீழே கொக்கியில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ரேடியேட்டருக்கும் ஃபேன் கூட்டுக்கும் நடுவே ஒரு அட்டையைச் செருகிவிட்டு மேலே தூக்குங்கள், அந்த அலுமினிய ஃபின் நகம் பட்டாலே மடங்கிவிடும்.

மாட்டியதும் ஃபேனை ஓடவிட்டு முன் கிரில்லில் ஒரு பேப்பரை வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. வெளியே தள்ளினால் வயர் மாறியிருக்கிறது, ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. பிறகு ஏசி போடாமல் ஐடிலில் விட்டு, ஃபேன் தானாக ஓடி தானாக நிற்கிறதா என்று காத்திருந்து பார்த்துவிடுங்கள்.

புது அசெம்ப்ளி கட்டுபடியாகாவிட்டால் பழைய பார்ட்ஸ் கடைகள் இருக்கிற சென்னை புதுப்பேட்டையில் பழையது தேடலாம். கடையிலேயே பேட்டரியில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மாட்டேன் என்றால் அடுத்த கடை.