படிவத்தில் இல்லாத கட்டம்

வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கப்படும் பெரியவர்களுக்குக் கிடைக்கும் கவனிப்பு எப்படி இருக்கிறது, அதில் ஆபத்து ஏதும் உண்டா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. பல ஆண்டுகள் வார்டில் செவிலியராக நின்றுவிட்டு வந்தவள் என்பதால், தொடக்கத்தில் இதை எளிதாகவே நினைத்தேன். வார்டுக்கு வரும் நோயாளி நம் ஏற்பாட்டுக்குள் வந்து சேருகிறார். கட்டிலின் உயரம், விளக்கு, கைகழுவும் தொட்டி எல்லாம் நாம் வைத்தபடி இருக்கும். வீட்டுக்குப் போனால் நாம்தான் விருந்தாளி. மருந்து அலமாரியைத் திறந்து பார்க்கவும் அனுமதி கேட்க வேண்டும். கேட்கும்போதே வீட்டாரின் முகம் மாறுவதையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கையில் ஆறு பக்கப் படிவம் ஒன்று இருக்கும். பெரும்பாலான கேள்விகளுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டே கட்டங்கள். மருந்து உரிய நேரத்தில் தரப்படுகிறதா, குளியலறையில் பிடிமானக் கம்பி இருக்கிறதா, படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறார்களா என்று போகும் அந்தக் கேள்விகளை வாசித்துக் காட்டி, வந்த விடையைக் குறித்துக்கொண்டு, முக்கால் மணி நேரத்தில் ஒரு வீட்டை முடித்துவிடுவேன். குறித்ததில் பொய் இருந்ததில்லை. ஆனாலும் அந்தக் குறிப்பு எவ்வளவு குறைவானது என்பது, ஒருவருடைய குதிகாலைப் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்தவர் அவர். இரவும் பகலும் ஒரே பராமரிப்பாளர்தான். அந்தப் பெண் வைத்திருந்த பதிவேட்டைப் போல நேர்மையான பதிவேட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பதிவு. பின்னிரவுப் பதிவுகளில் எழுத்து தூக்கக் கலக்கத்தில் சரிந்து கிடந்தது. உட்கார்ந்து ஒரே மூச்சில் நிரப்பிய பதிவேட்டில் அப்படிச் சரியாது. ‘ஆம்’ என்று குறித்துவிட்டு எழுந்திருக்க வேண்டியவள், ஏனோ, “இப்போது ஒருமுறை புரட்டிக் காட்டுங்களேன்” என்றேன். அவர் நோயாளியின் அக்குள்களில் கைகொடுத்து, கட்டிலின் தலைமாட்டை நோக்கி மேலே இழுத்து, பிறகு பக்கவாட்டில் திருப்பினார். இழுத்தபோது இடுப்பும் இரண்டு குதிகால்களும் விரிப்பின் மேல் தேய்ந்துகொண்டே போயின. முதுகில் ஒன்றுமில்லை. காலுறையைக் கழற்றச் சொன்னேன். இடது குதிகாலில் நாணய அளவுக்குச் சிவப்பு. நல்ல தோலாக இருந்தால் விரலால் அழுத்தி எடுத்ததும் அந்த இடம் ஒரு கணம் வெளுத்து, பிறகுதான் நிறம் திரும்பும். அது வெளுக்கவே இல்லை. படுக்கைப் புண்ணின் முதல் நிலை அதுதான். அடர்ந்த நிறத் தோலில் இந்தச் சிவப்பும் தெரியாது. தொட்டுப் பார்த்துச் சூட்டையும் இறுக்கத்தையும் கொண்டுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

படுக்கைப் புண் வரும் வாய்ப்பைக் கணிக்க 1987-இல் வெளியான பிரேடன் அளவுகோல் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. உணர்வு, ஈரம், நடமாட்டம், தானாக அசையும் திறன், உணவு, உராய்வு என ஆறு கூறுகளுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டினால் 6 முதல் 23 வரை வரும்; எண் குறையக் குறைய ஆபத்து கூடுகிறது என்று பொருள். ஆறாவது கூறான உராய்வுக்கு அந்த வீட்டில் நான் போட்டிருந்த மதிப்பெண் தாராளமானது. கேட்டுப் போட்டதே தவிர, பார்த்துப் போட்டதில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்லவும் வழியில்லை. எடை கூடிய ஒருவரை உரசாமல் நகர்த்த அடியில் ஒரு துணியை விரித்து, இருபுறமும் இருவர் பிடித்துத் தூக்க வேண்டும். அவரோ ஒற்றை ஆள்.

மருத்துவத் தரத்தை எப்படி அளப்பது என்று 1966-இல் எழுதிய அவெடிஸ் டொனபேடியன், அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்தார். பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்து நான் மறந்துபோன பிரிவினை அது. இந்த வீட்டில் அதற்கு உயிர் வந்தது: பதிவேட்டில் செயல்முறை குறையின்றி நடந்தது, குதிகாலில் விளைவு கெட்டது, காரணமோ இரண்டாவது ஆளை வைக்காத அமைப்பில் இருந்தது. என் படிவம் நடுவில் இருந்ததை மட்டும் கேட்டது.

அதிலிருந்து, கேட்பதைக் குறைத்துச் செய்து காட்டச் சொல்வதைக் கூட்டிக்கொண்டேன். மருந்தைப் பற்றிக் கேட்டால் எந்த வீட்டிலும் “எல்லாம் சரியாகக் கொடுக்கிறோம்” என்றுதான் வரும். “நேற்று இரவு கொடுத்தவற்றை எடுத்து வையுங்கள்” என்றால் அட்டைகள் மேசைக்கு வரும். ஒரு வீட்டில் இரண்டு வேறு பெயர்களில் ஒரே ரத்த அழுத்த மருந்து இருந்தது. ஒன்று பழைய சீட்டில் இருந்தது, மற்றது மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது கொடுத்தது. அட்டையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த மூலப்பெயரைப் படிக்க எனக்கே கண்ணாடி தேவைப்பட்டது.

ஒரு வீட்டில் நான் தவறிவிட்டேன். எழுபது கடந்த அவரைக் காலை பதினொரு மணிக்குப் பார்த்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் நேரத்தைக் கணக்கிடும் சோதனையை நன்றாகவே செய்தார். ஜன்னல்வழி வெயில் கொட்டிக்கொண்டிருந்த அறையில், ‘போதிய வெளிச்சம் உண்டா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்தேன். மூன்று வாரம் கழித்து நள்ளிரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மறுபடி போய் ஜன்னல்களைச் சாத்தச் சொல்லிவிட்டு அவருடைய கட்டிலில் நானே உட்கார்ந்து பார்த்தேன். விளக்கின் சுவிட்ச் எதிர்ச் சுவரில் இருந்தது; அதை எட்ட வேண்டுமானால் இருட்டில் பாதி அறையைக் கடக்க வேண்டும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை இரவு உணவுக்குப் பின் கொடுத்துவந்ததும் அப்போதுதான் தெரிந்தது. படுத்த மனிதரை இரவில் இரண்டு மூன்று முறை எழுப்பிவிட்டதே அந்த மாத்திரைதான். மருத்துவரிடம் பேசி அதைக் காலைக்கு மாற்றினோம்.

அதற்குள் பிள்ளைகள் கட்டிலின் இருபுறமும் தடுப்புக் கம்பி போட்டிருந்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் எழுந்து போயே தீருவேன் என்றிருப்பவருக்குத் தடுப்பு என்றால் ஏறித் தாண்ட வேண்டிய ஒன்று. விழும் உயரம் கூடும், இடுக்கில் கையோ தலையோ மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. கழற்றிவிடச் சொன்னேன். கட்டிலருகே ஒரு விளக்கும், கழிப்பறை வரை கைப்பிடியும் போட அவர் ஒத்துக்கொண்டார். இரவில் கூட யாராவது வர வேண்டும் என்றதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. “பத்தடி நடக்க இன்னொருத்தரை எழுப்பணுமாம்மா? விழுந்தா விழறேன்” என்றார். நினைவும் நிதானமும் தெளிவாக இருக்கும் மனிதர் தெரிந்தே எடுக்கும் முடிவு அது. மகனுக்குக் கோபம், எனக்குக் கவலை. ஆனாலும் மறுக்க எங்கள் இருவருக்கும் உரிமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய மனைவியிடம் சமையலறையில் தனியாகப் பேசினேன். கணவரின் காதில் விழும் தூரத்தில் “எனக்கு ஒரு சிரமமும் இல்லை” என்றவர், பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, அவர் விழுந்த நாளிலிருந்து தான் ஆடாமல் அசையாமல் படுத்து, கட்டில் கிரீச்சிடும் சத்தத்துக்காகக் காத்திருப்பதைச் சொன்னார். பராமரிப்பவரின் சுமையை அளக்கும் ஸாரிட் கேள்விப் பட்டியலில் 22 கேள்விகள் உண்டு. யார் பக்கத்தில் இருக்கும்போது கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் மொத்த மதிப்பெண்ணே மாறிவிடும் என்பது என் அனுபவம்.

அன்று மாலை படிவத்தை நிரப்பும்போது, ‘இரவில் துணையுடன் நடமாடுகிறாரா’ என்ற இடத்தில் இரண்டு கட்டங்களையும் வெறுமையாக விட்டு, “தனியாகவே நடக்கிறார். விழும் ஆபத்தை விளக்கினேன், அறிந்தே ஏற்கிறார். மனைவிக்கு வாரத்தில் இரண்டு இரவாவது வேறிடத்தில் உறங்க வழி செய்ய வேண்டும்” என்று ஓரத்தில் எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கி அனுப்பினேன். நான்கு நாளில் படிவம் திரும்பி வந்தது. விடை முழுமையாக இல்லை, ஆம் அல்லது இல்லை என ஏதேனும் ஒன்றில் குறியிடவும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். ‘இல்லை’ என்பதில் குறியிட்டேன். ஓரத்தில் எழுதியிருந்ததைத் தனித்தாளில் மறுபடி எழுதி, படிவத்தோடு பின் அடித்துத் திருப்பி அனுப்பினேன்.